இடியும் பேசும் அலை

தேவாலாவில் மழைக்காலத்து மாலையில் மத்திய அலையில் பாட்டுக் கேட்கிறீர்கள். மலைக்கப்பால் மின்னல் வெட்டியதும் பெட்டி 'கரகர' என்கிறது. மின்னலுக்கு வானொலிப் பெட்டிக்குள் என்ன வேலை? அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்குப் படிப்போர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

1924-க்குப் போவோம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31-ல் ஒலிபரப்பினர். கருவியின் திறன் 40 வாட். ஒரு குண்டு பல்பின் அளவுதான்! 1927-ல் பணமின்றிக் கிளப் நின்றது. கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

அவர்கள் கையாண்டது வீச்சுப் பண்பேற்றம். குரலுக்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு கூடும், குறையும். அதன் அலைவெண் மாறாது. மின்னலும் ரேடியோ அலைகளை வீசுவதால், அதுவும் அதே வீச்சில்தான் கைவைக்கிறது. பாடகர் யார், இடி யார் என்று பெட்டிக்குத் தெரியாது.

வீச்சை விட்டு அலைவெண்ணை அசைத்தால்? பயனில்லை என்று 1922-ல் கணக்கிட்டுக் காட்டினார் கார்சன். குறுகிய அலைப்பட்டையை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆர்ம்ஸ்ட்ராங் பட்டையைத் தாராளமாக அகலப்படுத்தினார். 1933-ல் காப்புரிமை பெற்றார். ஏற்பியில் வீச்சின் ஏற்றத்தாழ்வை வெட்டிவிடலாம். இரைச்சலில் பெரும்பகுதி அதோடு போய்விடும். இந்தியாவில் இம்முறை ஒலிபரப்பு முதலில் வந்ததும் சென்னையில்தான், 1977 ஜூலை 23-ல்.

ஆனால் பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது; குறுக்கே மலை நின்றால் மறைந்துபோகும். மத்திய அலையோ இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலை தாண்டித் தேவாலாவுக்கு வந்துவிடுகிறது, வழியிலுள்ள மின்னலையும் கூட்டிக்கொண்டு.