செஸ் இன்ஜின் ஆன்லைனில் பாதியில் அறுந்துபோகிறதா? ரவுட்டரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் ஜோராக ஓடுகிறது. அதையே லிசெஸ் தளத்தில் பாட் கணக்காக இறக்கிவிட்டால் பாதி ஆட்டத்தில் காணாமல் போகிறது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நேரம் முடிந்து தோற்கிறது. உடனே ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வோம். பல நேரம் அது வீண் வேலைதான்.

காரணம், இன்ஜினுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. யூசிஐ என்ற விதிமுறைப்படி வரும் கட்டளையைப் படித்து, அடுத்த நகர்வை எழுதித் தரும், அவ்வளவுதான். சர்வரோடு பேசுவது நடுவில் இருக்கும் 'லிசெஸ்-பாட்' என்ற பைத்தான் புரோகிராம். எனவே முதல் கேள்வி, எந்தப் பக்கம் அறுந்தது?

இன்ஜின் பக்கமா?

டெர்மினலில் இன்ஜினைத் தனியாக ஓடவிட்டு 'யூசிஐ' என்ற கட்டளையைக் கொடுங்கள். 'யூசிஐஓகே' என்று பதில் முடிந்தால் இன்ஜின் நலம். லினக்ஸில் 'பெர்மிஷன் டினைட்' வந்தால், அந்த ஃபைலை இயக்க அனுமதி தரவில்லை. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்றால் உங்கள் பிராசஸருக்குப் பொருந்தாத பதிப்பை டவுன்லோடு செய்திருக்கிறீர்கள். ஏவிஎக்ஸ்2 வசதி இல்லாத பழைய மெஷினில் ஏவிஎக்ஸ்2 பதிப்பு ஓடாது. கான்ஃபிக் ஃபைலில் ஃபோல்டர் பெயர் ஒரு எழுத்து மாறினாலும் போச்சு.

சர்வர் உள்ளே விடவில்லையா?

401 பிழை வந்தால் டோக்கன் தவறு, அல்லது ரத்தாகிவிட்டது. டோக்கன் சரியாக இருந்தும் ஆட முடியவில்லை என்றால், அதை உருவாக்கியபோது பாட் அனுமதியை டிக் செய்தீர்களா பாருங்கள். கணக்கையும் பாட் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். ஒரு ஆட்டம்கூட ஆடாத கணக்கைத்தான் மாற்ற முடியும், மாற்றினால் திரும்ப வழியில்லை. 'எதுக்கு வம்பு, என் சொந்தக் கணக்கிலேயே ஓட்டிக்கிறேன்' என்று மட்டும் போகாதீர்கள். அது மோசடி, கணக்கே போய்விடும்.

429 என்றால் அளவுக்கு மீறிக் கதவைத் தட்டுகிறீர்கள். லிசெஸ் சொல்வது, ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். நின்றால் உடனே ரீஸ்டார்ட் ஆகும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், அதுவே பிரச்னையை வளர்க்கும்.

உண்மையிலேயே இணைப்புதான் அறுகிறதா?

சர்வரிலிருந்து தகவல் வரும் இணைப்பு நீண்ட நேரம் திறந்தே இருக்கும். உயிரோடு இருப்பதைக் காட்ட, சில விநாடிகளுக்கு ஒருமுறை வெற்று வரி ஒன்று வரும். லேப்டாப் ஸ்லீப் மோடுக்குப் போனாலோ, இலவச கிளவுட் சேவை உங்கள் புரோகிராமைத் தூங்க வைத்தாலோ இது அறுந்துவிடும். ஆபீஸ் ப்ராக்ஸியும் சில சமயம் இதை வெட்டிவிடும். வீட்டில் ஓடாவிட்டால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் சந்தேகம் தீர்ந்தது.

நேரம் முடிந்து தோற்றால்?

இது இணைப்புக் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் பெரும்பாலும் செட்டிங் விஷயம். லிசெஸ் சர்வர்கள் பிரான்ஸில் உள்ளன. சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஒரு தகவல் போய்வரவே 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். ஸ்டாக்ஃபிஷ் இந்தத் தாமதத்துக்கு ஒதுக்கும் 'மூவ் ஓவர்ஹெட்' மாற்றாவிட்டால் வெறும் 10 மில்லிசெகண்ட். 500 வைத்துப் பார்த்து, தேவைக்கேற்ப ஏற்றி இறக்குங்கள். 2 கோர் உள்ள கிளவுட் மெஷினில் இன்ஜினுக்கு 4 த்ரெட் கொடுத்தாலும், நடுவில் இருக்கும் புரோகிராமுக்கு மூச்சுவிட இடமிருக்காது, நகர்வு தாமதமாகவே போகும். இவ்வளவும் செய்தும் தோற்றால், இன்க்ரிமென்ட் இல்லாத 1 நிமிட ஆட்டங்களை கான்ஃபிக்கிலேயே மறுத்துவிட்டு, 3+2 ஆட்டங்களை மட்டும் ஏற்கச் சொல்லலாம்.