அந்த ஜெர்சி என்ன கலர்?

டொராண்டோவுல வேலை பாக்குற நண்பன் ஒருத்தன், புதுசா வாங்கின சோபாவைக் காட்ட ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். சோபாவுக்கு மேல சுவத்துல ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த படத்துல போய் என் கண்ணு நின்னுடுச்சு. அச்சடிச்சது இல்லை, கையால போட்ட வாட்டர் கலர். ஆளு இல்லை, முகம் இல்லை, மட்டை கூட இல்லை. ஒரே ஒரு பழைய கம்பளி ஜெர்சி, உள்ளே யாரோ இருக்குற மாதிரி லேசா தோள் தூக்கி நிக்குது. அடியில ஒரு அணியோட பேரு, ஒரு வருஷம். அவ்வளவுதான்.

விசாரிச்சா, அந்த ஊர்ல பழைய ஹாக்கி ஜெர்சிகளை வருஷ வாரியா வாட்டர் கலர்ல வரைஞ்சு, ஃபிரேம் போட்டு மாட்டுறது ஒரு தனி ரசனையாம். முன்னாடியே சொல்லிடறேன், அங்க ஹாக்கின்னா ஐஸ் ஹாக்கி. நம்ம ஹாக்கிக்கு அவங்க 'ஃபீல்டு ஹாக்கி'ன்னு அடைமொழி கொடுத்து ஒதுக்கி வெச்சிருக்காங்க. எட்டு தங்கம் வாங்கினவன் கிட்ட பேசற பேச்சா இது? :-)

ஆனா ஒரு விஷயத்துல அவங்களைப் பாராட்டித்தான் ஆகணும். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி இன்னைக்கு நீலம் வெள்ளை. 1927-க்கு முன்னாடி அதே அணிக்கு 'செயின்ட் பேட்ரிக்ஸ்'னு பேரு, பச்சை ஜெர்சி. மான்ட்ரியால் கனேடியன்ஸ் 1912-13 சீசன்ல சிவப்பு, வெள்ளை, நீலம்னு உடம்பு பூரா பட்டை போட்ட ஜெர்சி ஒண்ணு போட்டாங்க. முடிதிருத்தும் கடை வாசல்ல சுத்துமே வண்ணக் கம்பம், அது மாதிரி. நூற்றாண்டு கொண்டாட்டத்துக்காக 2009-ல அதே டிசைனைத் திரும்பப் போட்டு ஆடினப்போ, பாத்தவங்களுக்குத் தலை சுத்திடுச்சாம். இதெல்லாம் அங்க வரையறவங்களுக்கு எப்படித் தெரியும்? 1910-11லயே சிகரெட் பாக்கெட்டுக்குள்ள ஆட்டக்காரங்க படத்தைக் கலர்ல அச்சடிச்சு வெச்சாங்க. சின்னப் பசங்க அதைச் சேர்த்து வெச்சாங்க. டொராண்டோவுல ஹாக்கிக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, அதுல பழைய ஜெர்சிகள் இருக்கு. துணி கண்ணு முன்னாடி இருந்தா வாட்டர் கலர்ல வரையறது ஒரு சுகம். கம்பளியோட மடிப்புக்கு மெல்லிசா ஒரு பூச்சு, அது காய்ஞ்சதும் மேல இன்னொரு பூச்சு. வெள்ளைப் பட்டைக்குப் பெயின்ட்டே வேணாம், பேப்பரை அப்படியே விட்டுட்டாப் போதும்.

சரி, நம்ம அணிக்கு இப்படி ஒரு வரிசை வரையணும்னா? 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ், 1936 பெர்லின், 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன், 1964 டோக்கியோ, 1980 மாஸ்கோ. எட்டு தங்கத்துக்கு எட்டு ஃபிரேம். நான் கொஞ்சம் பிரஷ் பிடிக்கிற ஆளுங்கறதால ஆசை வந்துடுச்சு. உக்காந்தேன். பென்சில் கோடு வரைக்கும் சுலபமா வந்தது. கலர் கிண்ணத்தை எடுத்தப்பதான் சிக்கல்.

பழைய போட்டோ எல்லாம் கருப்பு வெள்ளை. அது மட்டும்னா பரவாயில்லை, "வெளிர் சாம்பலா இருக்கு, வெள்ளையாத்தான் இருக்கும்"னு ஊகிக்கலாம்னு நினைப்போம். அதுவும் முடியாது. அந்தக் காலத்துல புழங்கின ஒரு வகை பிலிமுக்கு, ஆர்த்தோகுரோமாட்டிக்னு பேரு, சிவப்பு கண்ணுக்கே தெரியாது. சிவப்புத் துணி கருப்பா விழும். நீலமோ வெளுத்துப் போய் வெள்ளைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். (அந்த பிலிமை டார்க் ரூம்ல சிவப்பு விளக்கு போட்டுக்கிட்டே கழுவ முடிஞ்சதுக்கும் அதே காரணம்தான்.) அதாவது போட்டோவுல பளிச்னு வெள்ளையாத் தெரியற சட்டை, நிஜத்துல வெளிர் நீலமா இருந்திருக்கலாம். எல்லா நிறத்தையும் வாங்கிக்கற பான்குரோமாட்டிக் பிலிம் 1920, 30-கள்ல பரவலாச்சு. ஆனா அதுலயும் வெளிச்சம் எவ்வளவுன்னுதான் தெரியும், நிறம் என்னன்னு தெரியாது. போட்டோகிராஃபர் லென்ஸ் மேல மஞ்சள் கண்ணாடி போட்டிருந்தா கணக்கு மறுபடியும் மாறும். 1948 லண்டன் ஒலிம்பிக்கை கலர் படமாவே எடுத்தாங்க. ஆனா அதுல பயன்பட்டது ரெண்டே நிறத்தை வெச்சு மத்ததை ஒப்பேத்தற முறை. அதை நம்பி நீலத்தோட சரியான சாயலைக் கலக்க முடியுமா?

நான் ராயபுரத்துக்காரன். இந்தப் பக்கத்துக்கு வெளியில இருக்கறவங்களுக்கு வடசென்னைன்னா ஃபுட்பால், கேரம், பாக்ஸிங்தான் ஞாபகம் வரும். ஹாக்கிக்கும் இங்க ஒரு வேர் இருக்கு, அது ரயில்வே. தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல ராயபுரத்துல இருந்துதான் கிளம்பிச்சு. அதைச் சுத்தி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறினாங்க. எங்க ரயில்வே காலனி இருந்துச்சோ அங்க ஹாக்கியும் இருந்துச்சு, இந்தியா பூரா இதே கதைதான். 1928-ல முதல் தங்கம் வாங்கின அணியில பாதிக்கு மேல ஆங்கிலோ இந்தியர்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் நிறைய பேர் கப்பலேறிட்டாங்க. ஜபல்பூர்ல பொறந்த பியர்ஸ் சகோதரர்கள் அஞ்சு பேரு ஆஸ்திரேலியாவுக்கு ஆடினாங்கன்னா பாத்துக்குங்க. ஆளோட சேர்ந்து டிரங்குப் பெட்டியும் போயிடுச்சு, பெட்டியோட ஜெர்சியும் போயிடுச்சு.

எங்க தெருவுல ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆன ஒரு அங்கிள் இருந்தார். டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஹாக்கி ஆடினவர். "அங்கிள், உங்க ஜெர்சி என்ன கலர்?"னு கேட்டேன். "மெரூன், மேன்!"னு ஒரு நொடி கூட யோசிக்காம சொன்னார். உள்ளேயிருந்து ஆன்ட்டி குரல்: "மெரூனா? அது பிரவுன். நான்தானே துவைச்சேன்!" ரெண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில ஜெர்சி எங்கேன்னு கேட்டா, ஸ்கூட்டர் துடைக்கப் போயிடுச்சாம். ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. அவர் ஞாபகத்துல இருக்கறது கையில வாங்கின அன்னைக்கு இருந்த நிறம். ஆன்ட்டி ஞாபகத்துல இருக்கறது அம்பது தடவை துவைச்சு வெயில்ல போட்ட நிறம். வரையறவன் எதைக் கலக்கணும்?

ஸ்கூட்டர் துடைச்சதுக்காக அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஒழுங்காப் பாதுகாக்கணும்னு நினைச்சவருக்கே என்ன ஆச்சுன்னு பாருங்க. பல்பீர் சிங் சீனியர், 1948, 52, 56 மூணு ஒலிம்பிக்லயும் தங்கம் வாங்கினவர். மெல்போர்ன்ல அவர்தான் கேப்டன், ஃபைனல்ல பாகிஸ்தானை 1-0ன்னு ஜெயிச்சோம். விளையாட்டு மியூசியம் வரப்போகுதுன்னு சொன்னாங்கன்னு, 1985-ல அந்த மெல்போர்ன் பிளேஸர், 36 மெடல், நூத்துக்கும் மேல போட்டோ எல்லாத்தையும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கிட்ட கொடுத்தார். மியூசியம் வரலை. 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்துல ஒரு கண்காட்சிக்காகத் திரும்பக் கேட்டப்ப, பொருளையே காணோம். வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தார். 2020 மே மாசம், 96 வயசுல, அந்த பிளேஸரைத் திரும்பப் பாக்காமலே போய்ச் சேர்ந்துட்டார். மூணு தங்கம் வாங்கினவர் கோட்டுக்கே இந்தக் கதின்னா, ரயில்வே டீம் ஜெர்சியை யார் சீந்துவா?

நம்ம ஜனங்க கண்ணுலயும் அந்தக் கலர் பதியலைங்கறதுதான் இன்னும் கொடுமை. 1980 மாஸ்கோவுல தங்கம் வாங்கின அணிக்குக் கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். ஸ்பெயினை 4-3னு ஜெயிச்சாங்க. அப்ப நமக்கு தூர்தர்ஷன் கருப்பு வெள்ளை, பெரும்பாலானவங்களுக்கு அதுவும் இல்லை, ரேடியோதான். கலர் டிவி வந்தது 1982-ல, டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி. இந்தியா ஆடற ஹாக்கி ஃபைனலை முதன்முதலா கலர்ல பாத்தோம். டிசம்பர் 1, பாகிஸ்தான்கிட்ட 1-7. ஜெயிச்சதெல்லாம் சாம்பல்ல, தோத்தது மட்டும் கலர்ல!

வரைய ஆள் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டுல ஹாக்கி ஊர்னா கோவில்பட்டி. 2022-ல இந்திய அணிக்குள்ள வந்த மாரீஸ்வரன், கார்த்தி ரெண்டு பேரும் அங்க பயிற்சி எடுத்தவங்கதான். அதே கோவில்பட்டியிலதான் காலண்டர் ஓவியத்துக்குப் பேர் போன கொண்டையராஜு வாழ்ந்தார். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவர், 1976-ல இறந்தார். அவரும் சீடர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகி வீடு வீடாப் போச்சு. முருகன் பட்டு எந்தச் சிவப்புன்னு இன்னைக்கும் நமக்குச் சந்தேகமே வராது. அதே ஊர் மைதானத்துல அதே காலத்துல ஆடின பசங்க சட்டையையும் அந்தக் கைகள்ல ஒண்ணு காலண்டர்ல வரைஞ்சு வெச்சிருந்தா, இன்னைக்கு எவ்வளவு பெரிய சொத்து!

இப்ப கொஞ்சம் மாறியிருக்கு. 2024-ல பாரிஸ் வெண்கலத்தோட ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றப்ப, சீனியர் அணியில அவரோட 16-ம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் தர்றதில்லைன்னு ஹாக்கி இந்தியா அறிவிச்சது. நல்ல விஷயம். ஆனா பழசு?

என் எட்டு ஃபிரேமும் பென்சில் கோடோட நிக்குது. தெரியாத கலரைத் தெரிஞ்ச மாதிரி பூச மனசு வரலை. அதனால வேலையைத் திருப்பிப் போட்டுட்டேன். ஒலிம்பிக்கை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நம்ம ரயில்வே, ஐ.சி.எஃப்., பேங்க், காலேஜ் டீம் ஜெர்சிகள். உங்க வீட்டுல தாத்தாவோ, மாமாவோ, சித்தப்பாவோ ஹாக்கி ஆடினவங்க இருந்தா பரண்ல ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சா வெளிப்பக்கத்தை நம்பாதீங்க, காலரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க, தோள் தையலைப் பிரிச்சு உள்மடிப்பைப் பாருங்க. வெயிலே படாத அந்த அரை இஞ்ச் துணியிலதான் ஆதி கலர் இருக்கும். பக்கத்துல ஒரு வெள்ளைத்தாள் வெச்சு, பகல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் போடாம ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த டீம், எந்த வருஷம்னு அவங்களையே கேட்டு எழுதுங்க. வீட்டம்மாவையும் தனியாக் கேளுங்க.

முக்கியமா, அழுக்கா இருக்கேன்னு எடுத்தவுடனே துவைச்சுடாதீங்க.