முன்ஜாமீன் மலேசியாவில் உண்டா? போலீஸ் தேடும்போது குடும்பத்தார் அறிய வேண்டியவை

மகனைத் தேடிப் போலீசார் வீட்டுக்கு வந்து போனார்கள் என்றதும் பல குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "முன்ஜாமீன் எடுத்துவிடலாமா?" என்பதுதான். தமிழகச் செய்திகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அடிக்கடி கேட்டுப் பழகிய சொல் அது. ஆனால் கைதாவதற்கு முன்பே ஜாமீன் வழங்கும் பிரிவு எதுவும் மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பில் இல்லை. ஆகவே, "முன்ஜாமீன் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அதை நம்பிக் கொடுத்துவிடக் கூடாது.

இந்தியாவில் எப்படி?

இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மலேசியாவின் சட்டமும் பிரிட்டிஷார் காலத்து ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்தப் பழைய சட்டத்தில் முன்ஜாமீன் இல்லை. செல்வாக்குள்ளவர்கள் தங்கள் எதிரிகளைப் பொய் வழக்கில் சிக்க வைத்துச் சிறையில் அடைக்கப் பார்க்கிறார்கள் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1969-ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு 1973-ஆம் ஆண்டு சட்டத்தில் 438-ஆவது பிரிவாக முன்ஜாமீன் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 482-ஆவது பிரிவு. உயர்நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ அதை வழங்கலாம். அங்கும் அது தானாகக் கிடைப்பதில்லை. விசாரணைக்கு வர வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது, அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது போன்ற நிபந்தனைகள் உண்டு.

இந்தியா இப்படிச் சேர்த்துக்கொண்டது, மலேசியா சேர்க்கவில்லை. இங்கே 388-ஆவது பிரிவு, கைதானவர், தடுத்து வைக்கப்பட்டவர் அல்லது நீதிமன்றத்தின் முன் வந்தவர் ஆகியோரின் ஜாமீனைப் பற்றியே பேசுகிறது. 'நாளை என்னைப் பிடித்துவிடுவார்கள்' என்ற அச்சத்துக்கு அதில் இடமில்லை.

அழைப்பு வந்தால்

அழைத்தவுடன் ஓடி ஒளிவதைவிட, எந்த நிலையம், எந்த விசாரணை அதிகாரி, என்ன புகார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. பிறகு வழக்கறிஞரைப் பார்த்து, அவருடன் நிலையத்துக்குச் செல்வது நல்லது. தானாக முன்வந்து ஒத்துழைத்தவர், ஓடிவிடுவார் என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுப்பதில்லை. பின்னர் ஜாமீன் கேட்கும்போது வழக்கறிஞர் இதை எடுத்துச் சொல்ல முடியும்.

சாட்சியாக வாக்குமூலம் பெறும்போது 112-ஆவது பிரிவு பொருந்தும். போலீஸ் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமை உண்டு. ஆனால் தன்னையே குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வாக்குமூலத்தை அவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் சொன்னவர் புரியாத தாளில் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை.

கைதானால்

கைது செய்யும்போது அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி. விசாரணை தொடங்கும் முன், உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் உரிமை உண்டு என்கிறது 28ஏ பிரிவு. உடந்தையாளர்கள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற காரணங்களுக்காகப் போலீஸ் இதை மறுக்கக்கூடிய சூழ்நிலைகளும் உண்டு.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்கு மேல் லாக்காப்பில் வைக்க, மாஜிஸ்திரேட்டின் தடுப்புக் காவல் உத்தரவு தேவை. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக் குற்றமென்றால் முதல் முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள் வரை. 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஒவ்வொரு முறையும் 7 நாள் வரை. இந்த உத்தரவு தானாகக் கிடைப்பதல்ல. குறைந்த நாட்கள் போதும் என்று வழக்கறிஞர் அங்கேயே வாதாடலாம். முன்ஜாமீன் இல்லாத நாட்டில் முதல் போராட்டம் நடப்பது இந்த அறையில்தான்.

எந்தக் குற்றத்துக்கு ஜாமீன்?

சட்டத்தின் முதல் அட்டவணை குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கையால் அடித்துக் காயப்படுத்துவது போன்ற 323-ஆவது பிரிவுக் குற்றம் ஜாமீன் தரத்தக்கது. ஜாமீன் பணமும் உத்தரவாதமும் கொடுக்கத் தயாராக இருந்தால் விடுவிக்கப்படுவது உரிமை. போலீஸ் நிலையத்திலேயே போலீஸ் ஜாமீன் கிடைக்கலாம். கொள்ளை போன்றவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்திருப்பார் என்று நம்பக் காரணம் இருந்தால் பொதுவாக ஜாமீன் இல்லை. 16 வயதுக்குட்பட்டோர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம். சொஸ்மா சட்டத்தின் கீழ் கைதானால் நிலைமை மேலும் கடினம். 28 நாள் வரை தடுத்து வைக்கலாம், ஜாமீனுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

குற்றம் சாட்டப்படும் நாளில் உத்தரவாதம் தரும் உறவினர் அடையாளக் கார்டுடன் காலையிலேயே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். ஜாமீன் தொகையை அன்றே கட்ட முடியாவிட்டால் சம்பந்தப்பட்டவர் சிறைச்சாலைக்குக் கொண்டுசெல்லப்படுவார். அந்தத் தொகை அபராதமல்ல. அவர் ஒழுங்காக விசாரணைக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் கட்டியவருக்குத் திரும்பக் கிடைக்கும். அவர் தலைமறைவானால் பறிபோகலாம். தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்பதும் சட்டம். அதிகமென்று கருதினால் குறைக்கக் கோரி உயர்நீதிமன்றத்தை நாடலாம்.

மறைத்து வைத்தால்

பிள்ளையை வேறு ஊர்த் தோட்டத்து உறவினர் வீட்டில் சில நாள் வைத்திருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒருவர் குற்றம் செய்தவர் என்று தெரிந்தும், தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு அவருக்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 212-ஆவது பிரிவின்படி குற்றம். கணவன் மனைவிக்கு மட்டுமே இதில் விலக்கு. பெற்றோருக்கும் மாமனுக்கும் கிடையாது. பாசத்தால் செய்யும் உதவி ஒரு வழக்கை இரண்டாக்கிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள், கைது, தடுப்புக் காவல், ஜாமீன் ஆகிய கட்டங்களில் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். மலேசியக் குடிமக்களுக்காக அமைந்த இந்த அறவாரியம் 2011-இல் தொடங்கப்பட்டது. இந்த உதவிக்காக யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.