கல்லீரல் புற்றுநோயில் வளர்ச்சிக் காரணிகள்

வளர்ச்சிக் காரணிகள் என்பவை உயிரணுக்களைப் பெருகவும் இடம்பெயரவும் தூண்டும் புரதங்கள் ஆகும். கல்லீரல் உயிரணுப் புற்றுநோய் வளர்வதிலும் பரவுவதிலும் இவை முக்கியப் பங்கு வகிக்கின்றன. பெரும்பகுதி வெட்டியெடுக்கப்பட்டாலும் கல்லீரல் மீண்டும் வளர இவையே துணைபுரிகின்றன. கல்லீரலழற்சி பி, சி தீநுண்மங்களாலோ மதுவாலோ ஆண்டுக்கணக்கில் சிதையும் கல்லீரலில் இதே சீரமைப்புப் பணி ஓய்வின்றித் தொடரும்போது, மரபணுப் பிழைகள் சேர்ந்து புற்றுநோய் தோன்றலாம்.

கல்லீரல் உயிரணு வளர்ச்சிக் காரணி, மெட் எனும் ஏற்பியுடன் இணைந்து உயிரணுக்களை இடம்பெயரச் செய்கிறது. உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டாவின் போக்கு விந்தையானது: தொடக்கத்தில் உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் இது, நோய் முற்றிய நிலையில் புற்றணுக்களிடையேயான பிணைப்பைத் தளர்த்திப் பரவலுக்குத் துணைபோகிறது. குருதிக்குழல் அகவணி வளர்ச்சிக் காரணி, கட்டிக்குள் புதிய குருதிக்குழல்களை உருவாக்குகிறது. அவற்றின் வழியே புற்றணுக்கள் நுரையீரல் முதலிய உறுப்புகளை அடைகின்றன.

மருத்துவம்

குருதிக்குழல் காரணியின் ஏற்பிகளைத் தடுக்கும் சோராஃபெனிப் மருந்து 2007இல் கல்லீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. 2008இல் வெளியான ஆய்வில், மருந்து பெறாதோரின் இடைநிலை வாழ்நாள் 7.9 மாதங்கள், பெற்றோருக்கு 10.7 மாதங்கள். மூன்று மாதத்துக்கும் குறைவான நீட்டிப்பே எனினும், முற்றிய நிலையில் அதுவரை வேறெந்த மருந்தும் இவ்வளவு பயன் தந்ததில்லை.

இந்தியாவில் பேயர் நிறுவனம் இதற்கு மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விலை வைத்திருந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கி, 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்கப் பணித்தது. நாட்டின் முதல் கட்டாய உரிமம் இதுவே. பேயரின் மேல்முறையீட்டை, அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் ஏற்க மறுத்தது. நாட்கோ செலுத்த வேண்டிய உரிமத்தொகையை மட்டும் 6 விழுக்காட்டிலிருந்து 7 ஆக உயர்த்தியது.

வளர்ச்சிக் காரணியையே பற்றிக்கொள்ளும் பெவாசிசுமாப், நோயெதிர்ப்பு மருந்தான அட்டெசோலிசுமாப்புடன் சேர்த்து 2020இல் ஒப்புதல் பெற்றது. ஒப்பீட்டாய்வில் இக்கூட்டு மருந்து சோராஃபெனிப்பை விடக் கூடுதல் வாழ்நாள் அளித்தது.