ஓடும் நிலுவை: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கடன் கொப்பியும் எஸ்.கியூ.எல். வினவலும்

வரலாற்றாய்வாளர் கணக்கேடுகளைச் சான்றாகப் பயன்படுத்துவது வழக்கம். ஆயின் அவ்வேடுகள் யார் கையில் இருந்தன, அவற்றின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு கொள்வனவும் பதியப்படும்போது அதுவரையுள்ள மொத்தமும் உடன் எழுதப்படும் முறையை நாம் இங்கு 'ஓடும் நிலுவை' எனக் குறிப்பிடுகின்றோம். திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கடைக் கடன் முறையையும், அதே கணிப்பு இன்று கணினியின் வினவல் மொழியில் பெற்றுள்ள வடிவத்தையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணக்கும் சமூக உறவும்

கணக்கெழுதுதல் பற்றிய மார்க்சின் கருத்து 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் இடம்பெறுகின்றது. சிதறுண்ட கைவினை, விவசாய உற்பத்தியை விட முதலாளித்துவ உற்பத்தியிலும், அதனை விடக் கூட்டு உற்பத்தியிலும் கணக்கெழுதுதல் இன்றியமையாததாகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். இந்தியக் கிராம சமுதாயங்களில் கணக்கர் தனிப் பணியாளராக இருந்தமையையும் அவர் சுட்டுகின்றார்.

திருகோணமலை வரலாற்றுக்கு முக்கியமான 'கோணேசர் கல்வெட்டு' கோயிற் தொழும்புகளையும் கடமைகளையும் வகுத்துரைக்கும் நூல். அங்கு ஒருவர் கொடுக்க வேண்டியது பிறப்பாலும் மரபாலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. நாளுக்கு நாள் மாறும் தனிமனித நிலுவை அந்நூலின் அக்கறையன்று. அத்தகைய நிலுவை சமூக வாழ்வின் மையத்திற்கு வருவதற்குக் கூலியுழைப்பும் சந்தையும் வேரூன்ற வேண்டியிருந்தது.

2. துறைமுகமும் கடன் கொப்பியும்

1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அதன்பின் அதன் இயற்கைத் துறைமுகம் கடற்படைத் தளமாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் சீனன்குடாவில் எழுந்த எண்ணெய்த் தாங்கிகளும், இரண்டாம் உலகப் போர்க்காலத் தள விரிவாக்கமும் கூலியாட்களையும் எழுதுவினைஞரையும் கைவினைஞரையும் இங்கு திரட்டின. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை இத்தளத்தின் முக்கியத்துவத்திற்குச் சான்று. 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் சீனன்குடாவில் உருவாயின.

இவ்வுழைப்பாளரின் வாழ்வில் ஓர் அடிப்படை முரண் இருந்தது. கூலி மாத இறுதியில் அல்லது கிழமை இறுதியில் வந்தது. பசியோ நாள்தோறும் வந்தது. இந்தக் கால இடைவெளியை நிரப்பியதே சில்லறைக் கடையின் கடன் கொப்பி. முதல் நாள் அரிசியும் பருப்பும் 40 சதம், அடுத்த நாள் மண்ணெண்ணெய் 25 சதம், மூன்றாம் நாள் 60 சதம் எனப் பதிவாகும்போது நிலுவை 40, 65, 125 என ஏறும். சம்பள நாளில் 100 சதம் கட்டினால் 25 சதம் எஞ்சும். அது அடுத்த மாதக் கணக்கின் முதல் வரியாகும். கடன் முற்றாகத் தீராத வரையில் வாடிக்கையாளர் வேறு கடைக்குச் செல்வதும் எளிதன்று. மீனவர் நிலையும் இதனையொத்ததே. சம்மாட்டியிடம் பெற்ற முற்பணம் மீன்பாட்டின் பங்கிலிருந்து கழிக்கப்பட்டது.

இங்கு கவனிக்கற்பாலது யாதெனில், கொப்பி ஒன்றே இருப்பின் அது கடைக்காரரிடமே இருக்கும் என்பதாகும். வாடிக்கையாளரிடமும் ஒரு கொப்பி இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டால் மட்டுமே ஓடும் நிலுவை இருதரப்புக்கும் பொதுவான சான்றாகின்றது. எழுத்தறிவற்றவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

3. துண்டும் கூப்பனும்

இவ்வேறுபாட்டின் கொடிய வடிவத்தை மலையகப் பெருந்தோட்டங்களில் காண்கின்றோம். ஒரு தொழிலாளர் கூட்டத்தின் மொத்தக் கடனைக் குறித்த 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குக் கைமாறியது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றது. துண்டு எங்கும் செல்லுபடியானது; ஆயின் அதிற் பயணித்தது தொகை மட்டுமே. அத்தொகை எவ்வாறு திரண்டது என்பதைக் காட்டும் வரிகள் தொழிலாளியின் கண்ணுக்கு எட்டவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

இதற்கு எதிர்நிலையில் வைத்து நோக்கத்தக்கது 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு. பங்கீட்டுப் புத்தகம் நுகர்வோர் கையிலேயே இருந்தது. வெட்டப்படாது எஞ்சிய கூப்பன்களே அவரது மீதி உரிமையைக் காட்டின. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. 1979இல் உணவு முத்திரை முறை இப்பங்கீட்டின் இடத்தைப் பெற்றது.

4. வினவல் மொழியில் ஓடும் நிலுவை

இதே சிக்கல் கணினித் தரவுத்தளத்தில் புதிய வடிவிற் தோன்றுகின்றது. 1970இல் எட்கர் கொட் முன்வைத்த தொடர்புசார் மாதிரியில் அட்டவணை என்பது வரிகளின் கணம். அதில் முன், பின் என்ற ஒழுங்கு இல்லை. 1974இல் சேம்பர்லினும் பொய்சும் வெளியிட்ட மொழியிலிருந்து வளர்ந்த எஸ்.கியூ.எல். 1986இல் அமெரிக்க நியமமாயிற்று. கொப்பியில் முந்தைய வரி மேலே உள்ளது. அட்டவணையில் 'மேலே' என்பதே இல்லை. ஆகவே ஒழுங்கை வினவுபவரே திகதி கொண்டோ எண் கொண்டோ வெளிப்படையாகக் கூற வேண்டும்.

எந்த மென்பொருளிலும் இயங்கத்தக்க பழைய வழி, ஒவ்வொரு கட்டளைக்கும் அதே வாடிக்கையாளரின் அதற்கு முந்திய கட்டளைகளையும் அதனையும் சேர்த்துக் கூட்டும் உள்வினவலாகும். இது சரியான விடை தரும். ஆயின் உரிய சுட்டி இருந்தாலும் உழைப்பு மிகுதி. 10 கட்டளைகளுக்கு 55 வரிகளும், 1,000 கட்டளைகளுக்கு 500,500 வரிகளும் கூட்டப்பட வேண்டும். கடைக்காரரோ முந்தைய நிலுவையுடன் ஒரு தொகையை மட்டுமே கூட்டுகின்றார். 2003ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்ற சாளரச் சார்பு இக்குறையைப் போக்கியது. 'ஓவர்' என்னும் சொல்லின்பின் வாடிக்கையாளர்வாரியான பிரிப்பும் ஒழுங்கும் கூறப்பட்டால் ஓடும் கூட்டுத்தொகை கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் 2009இலும், மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் 2012இலும், மைஎஸ்.கியூ.எல். 2018இலும் இவ்வசதியைப் பெற்றன.

ஒரு நுட்பம் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒரே நாளில் இரு கட்டளைகள் இருந்து, திகதியால் மட்டும் ஒழுங்குபடுத்தினால், இரு வரிகளிலும் ஒரே தொகையே தோன்றும். நியமத்தின் இயல்பு எல்லை சமமான வரிகள் அனைத்தையும் சேர்த்தெடுப்பதே இதற்குக் காரணம். உள்வினவலிலும் இதே பிழை நேரும். திகதியுடன் கட்டளை எண்ணையும் ஒழுங்கிற் சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் தனித்த நிலுவை கிடைக்கும். சாளர எல்லையை வரிக்கணக்கிற் கூறுவதும் உறுதி தரும்.

குறித்த ஒரு மென்பொருளின் மாறிகளைக் கொண்டு வரிக்கு வரி கூட்டும் குறுக்குவழிகளும் உள. அவை மற்றொரு மென்பொருளிற் செல்லாதவை. ஒழுங்குக்கும் உத்தரவாதம் தராதவை. தன் கணக்கை அவற்றில் எழுதும் கூட்டுறவுச் சங்கம் அம்மென்பொருளின் விற்பனையாளருக்குக் கட்டுப்பட்டதாகும். கடனாளி ஒரே கடைக்குக் கட்டுப்பட்ட நிலையிலிருந்து இது தன்மையில் வேறுபட்டதன்று.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, கணக்கு இடம்பெயரக் கூடியதாக இருப்பது மட்டும் போதாது. துண்டும் இடம்பெயரக் கூடியதாகவே இருந்தது. தொகையுடன் அது திரண்ட வரிகளும் இடம்பெயர்ந்தாலே கணக்கு நீதியானதாகும். இரண்டாவது, நியமத்திற்கு அமைய எழுதப்பட்ட வினவல் எவராலும், எந்தக் கருவியிலும் மீண்டும் இயக்கிச் சரிபார்க்கத்தக்கது. அவ்வகையில் அது வாடிக்கையாளர் கையிலுள்ள இரண்டாவது கொப்பிக்கு நிகரானது.

எனினும் வினவலை இயக்கும் உரிமை நிறுவனத்திடம் மட்டும் இருக்கும்வரை அந்த இரண்டாவது கொப்பி எழுதப்படாமலே இருக்கும். தவணைக் கட்டணமும் நுண்கடனும் கணினி வழியே கணிக்கப்படும் இன்றைய நிலையில், கடனாளி தன் நிலுவையை வரிவரியாகப் பார்க்கும் உரிமை தொழிற்சங்கங்களினதும் கூட்டுறவு இயக்கத்தினதும் கோரிக்கைகளுள் ஒன்றாதல் வேண்டும்.