முட்டைப் பொரியலின் பூர்வ சரித்திரம்

தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு வரையில், முற்றத்துக் கோழி இட்ட முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றுவதென்பது, பின்னால் பெட்டையாக வளர்ந்து தானும் முட்டையிடவோ, சேவலாக வளர்ந்து மாப்பிள்ளை விருந்துக்கோ சந்தைக்கோ போகவோ கூடிய ஒரு ஜீவனை முன்கூட்டியே செலவழித்துவிடுகிற காரியமாகவே கருதப்பட்டது. கோழிக்கு நம்மிடையே இருந்த கீர்த்தி பெரிது. சோழர்களின் பழைய தலைநகராகிய உறையூருக்கே கோழி என்ற பெயர் வழங்கியது. யானையை எதிர்த்துப் பொருது வென்ற சேவலைக் கண்டு அவ்விடத்தின் வீரியத்தை உணர்ந்து நகரம் அமைத்தார்கள் என்பது ஐதிகம். அந்தக் கீர்த்தியில் முட்டைக்குப் பங்கு கிடைக்கவில்லை. அதன் சரித்திரத்தைப் பஞ்சாரத்தின் அடியிலும் அடுப்பங்கரையிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

நாட்டுக் கோழி தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டபின் இடுவதை நிறுத்திக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும்; வருஷம் முழுவதும் கூட்டிப் பார்த்தாலும் 60 முதல் 80 முட்டைக்குள் அடங்கிவிடும். அவற்றை வீட்டுப் பெரியவள் தவிட்டுப் பானையில் புதைத்துச் சேர்த்துவைத்து, தாய்க்கோழி கொக்கரிப்பை விட்டுக் கூடையைவிட்டு எழாமல் உறுமத் தொடங்கிய நாளில், ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். தண்ணீரில் இட்டு, மிதப்பதை ஒதுக்கி, அமிழ்வதைத் தேர்ந்துகொள்வாள். வைக்கோல் பரப்பிய கூடையில், இடி முழக்கத்தில் கரு கலங்கிவிடக் கூடாதென்று ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் போட்டு, அதன்மேல் முட்டைகளை அடுக்கிக் கோழியை உட்காரவைப்பாள். 21 நாள் கழித்துக் குஞ்சு பொரியும். ஒரு கோழியின் சிறகு அணைக்கும் அளவுக்கு மேல் மிஞ்சியவையும், அடை வைத்தால் கூமுட்டையாகப் போய்விடும் என்று அஞ்சிய கடுங்கோடை நாட்களில் இட்டவையுமே சமையலுக்கு வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்தவற்றுக்கும் உரிமைக்காரர் முன்பே இருந்தார்கள். பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிள்ளை பெற்றவளுக்கு மிளகு தூக்கலாகப் போட்ட முட்டை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு ஒன்று என்று போனபின், எஞ்சுவது இரண்டோ மூன்றோ. உண்ணக் காத்திருப்பவர்களோ ஏழெட்டுப் பேர். இரண்டை அவித்தால் இருவருக்குத்தான் ஆகும். ஆம்லெட்டாக வார்த்தாலும் யாராவது ஒருவர் தட்டுக்குப் போய்விடும். இந்த நிர்ப்பந்தத்திலிருந்துதான் பொரியல் தன் உருவத்தைப் பெற்றது என்பது என் திடமான அபிப்பிராயம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும், முட்டையின் அளவுக்கு மும்மடங்கு சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து கொட்டி, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்து, வெங்காயம் நன்றாகச் சுருங்கி இனிப்பு ஏறும் வரை வதக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு, அதன்பிறகே முட்டையை ஊற்றுவார்கள். அதையும் நேராகச் சட்டியில் உடைக்காமல், ஒன்று கெட்டிருந்தால் அத்தனையும் பாழாகுமே என்று, ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்தே சேர்ப்பார்கள். தீயைத் தணித்து அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்து, ஈரம் முற்றும் வற்றுமுன் இறக்கினால், வெங்காயத்தின் ஒவ்வொரு துணுக்கின்மேலும் முட்டை பற்றியிருக்கும். சோற்றில் பிசைந்த ஒவ்வொரு கவளத்திலும் அதன் வாசனை இருக்கும். முருங்கைக்கீரையில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவதும், தேங்காய்த் துருவல் சேர்ப்பதும் இதே உபாயத்தின் விஸ்தரிப்புகள்தாம். இல்லாமையை இவ்வளவு ருசியாக மாற்றிய நம் பெண்களின் புத்தியை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

இந்தச் சமையலில் சேரும் காரங்களில் புராதனமானது மிளகுதான். அமெரிக்கக் கண்டத்து மிளகாய், போர்ச்சுக்கீசியரின் கப்பல்கள் வந்த பிறகே, 16ஆம் நூற்றாண்டிலிருந்து நம் மண்ணில் பரவியது.

முட்டையை எண்ணி எண்ணிச் செலவழித்த பழைய கணக்கு மாறுவதற்கு முதலில் கோழிகள் சாகாமல் இருக்க வேண்டியிருந்தது. வெள்ளைக் கழிச்சல் என்று நம் ஜனங்கள் அழைக்கும் கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் புகுந்தால் சில நாட்களில் பஞ்சாரங்களெல்லாம் காலியாகிவிடும்; 1920களின் பிற்பகுதியில் இமயமலைப் பிரதேசத்து இராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அதற்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. தடுப்பூசி வந்தபின்தான் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் வளர்க்கும் துணிவு பிறந்தது. வெள்ளை லெகார்ன் வழி வந்த கலப்பினக் கோழி அடைக்கு உட்காருவதையே ஏறக்குறைய மறந்து, வருஷத்துக்கு 300க்கு மேல் முட்டையிட்டது. மழை குறைந்த நாமக்கல் வட்டாரத்தில் 1970களிலிருந்து பண்ணைகள் பெருகின. லாரித் தொழில் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தபடியால், உடையும் சரக்கைத் தூரதேசங்களுக்குக் கொண்டுசெல்ல வாகனத்துக்குக் குறைவில்லை. வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்ற, பண்ணையாளர்கள் பி. வி. ராவ் அவர்களின் முயற்சியால் 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவாகத் திரண்டார்கள். புரட்டாசி மாதத்தில் வீடுகள் சைவமாகிவிடுவதால் முட்டை விலை இறங்குவது இன்றைக்கும் வழக்கம். முட்டைக்கென்று ஒதுக்கிய சட்டி அம்மாதம் பரணுக்கு ஏறுகிற வீடுகளும் பல உண்டு.

அதே 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989இல் கருணாநிதி ஆட்சிக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு வாரம் ஒன்றாகி, 2010 முதல் பள்ளி நாட்கள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு, அண்ணன் தம்பிகளோடு பகிராமல், வெங்காயத்தோடு கலவாமல், ஒரு முழு முட்டை தனக்கென்று தட்டில் விழுந்தது அந்தப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில்தான்.