இரு நாடுகளின் ஆசான்: சியாவ் லியாங்



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி ஓட்டப் பந்தயத்தில் சிறந்து விளங்கினாள். ஆறாம் ஆண்டு தொடங்கியதும், அப்போது நடப்பிலிருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டி, பெற்றோர் அவளைத் திடலுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டனர். வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் அதற்கு இசைந்தேன். அது சரியான முடிவுதானா என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. அக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், சீனச் சீருடற்பயிற்சி வீரராக இருந்து பயிற்றுநரான சியாவ் லியாங்கின் வரலாற்றைப் படித்தேன்.

இவர் 1968-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே இக்கலையில் ஈடுபட்டுச் சீன தேசிய ஆடவர் குழுவில் பல்லாண்டு இடம்பெற்றார். திறமையுள்ள சிறாரை இளமையிலேயே தேர்ந்தெடுத்து, விளையாட்டுப் பள்ளியில் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது அந்நாட்டு வழக்கம். அத்தகைய கடுமையான சூழலில் வளர்ந்தவர் அவர்.

1990-களில் அமெரிக்கா சென்று ஐயோவா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராகப் பணியாற்றினார். அங்குள்ளவர்கள் அவரைச் 'சௌ' என்று அழைத்தனர். 1998-இல், தாமும் முன்னாள் வீராங்கனையான தம் மனைவி சுவாங் லிவென்னுடன் இணைந்து, வெஸ்ட் டி மொயின் நகரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். சோளக்காடுகள் சூழ்ந்த மாநிலம் அது. உலக வெற்றியாளர் அங்கிருந்து வருவார் என யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

அவ்வாண்டே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பெற்றோர் அழைத்துவந்தனர். அவள்தான் ஷான் ஜான்சன். சௌ அவளுக்கு வகுத்த முறை கவனிக்கத்தக்கது. அவள் மற்றப் பிள்ளைகளைப் போலவே பொதுப்பள்ளிக்குச் சென்றாள். பயிற்சியோ வாரத்திற்கு ஏறக்குறைய 25 மணி நேரம்தான். இத்தகைய உயர்நிலை வீராங்கனையருக்கு அது குறைவு என்றே கருதப்பட்டது. அவசரமின்றி ஆண்டுக்கணக்கில் அடித்தளம் இட்டார். 2007-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அவள் அனைத்துப் பிரிவுக்கான உலக வெற்றியாளரானாள்.

அடுத்த ஆண்டு ஒலிம்பிக் பெய்ஜிங்கில்! சௌ அமெரிக்க மகளிர் குழுவின் தலைமைப் பயிற்றுநராகத் தாம் பிறந்த நகருக்கே திரும்பினார். எதிரணியோ அவர் பிறந்த நாடு. குழுப்போட்டியில் சீனா தங்கம் வென்றது, அமெரிக்காவிற்கு வெள்ளி. ஷானுக்கு அனைத்துப் பிரிவிலும் வெள்ளி. தரைப் பயிற்சியிலும் வெள்ளி. மூன்று முறை தங்கத்தின் அருகில் சென்று திரும்பிய பிள்ளைக்கு எஞ்சியிருந்தது 10 சென்டிமீட்டர் அகலமே கொண்ட சமநிலைக் கட்டை மட்டும். ஆகஸ்ட் 19-ஆம் நாள் அதன்மேல் ஏறினாள், தங்கம் வென்றாள். மூன்று ஏமாற்றங்களுக்குப் பின்னும் ஒரு பதினாறு வயதுப் பெண் நிலைகுலையாமல் நின்றாள் என்றால், அது ஒரு வாரத்தில் ஊட்டிய துணிவன்று. பத்தாண்டுப் பயிற்சியின் விளைவு என்றே நான் எண்ணுகிறேன்.

2010-இல் வர்ஜீனியாவிலிருந்து பதினான்கு வயதுக் கேபி டக்ளஸ் அவரை நாடி வந்தாள். தாயைப் பிரிந்து, ஐயோவாவில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பயின்றாள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் குழுத் தங்கத்தோடு அனைத்துப் பிரிவுத் தங்கத்தையும் வென்றாள். அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் அவளே.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீனச் சீருடற்பயிற்சிக் குழு ஒரு தங்கமும் பெறாமல் திரும்பியது. அதன்பின் சௌ, மீண்டும் சியாவ் லியாங்காக, சீன மகளிர் குழுவின் தலைமைப் பயிற்றுநரானார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவரது குழு ஏழாம் இடத்தையே பெற்றது. எனினும் ஒரு வாரம் கழித்து, அதே சமநிலைக் கட்டையில் குவான் சென்சென் தங்கமும் தாங் சிஜிங் வெள்ளியும் வென்றனர்.

ஆக, சியாவ் லியாங்கின் முறை எப்போதும் வெற்றி தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஏழாம் இடமும் அவர் வரலாற்றின் ஒரு பகுதிதான். ஷானுக்கும் கேபிக்கும் கிட்டிய வெற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டாது. ஆனால், பள்ளியா விளையாட்டா என்று ஒரு பிள்ளையிடம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் மற்றொன்றைத் தரவேண்டும் என்பதில்லை என்பதை ஷானின் பள்ளிப்பருவம் காட்டுகிறது.

என் மாணவியின் பெற்றோரிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "வாரத்தில் இரண்டு மாலை மட்டுமாவது அவள் ஓடட்டும், பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." சொல்லவில்லை. தேர்ச்சி விழுக்காடு என் கண்ணை மறைத்துவிட்டது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டது. ஆனால் அந்த அவசரம் நம்மை விட்டு அகன்றதா?

அடுத்த முறை ஒரு பெற்றோர் புறப்பாட நடவடிக்கையை நிறுத்தக் கேட்டு வரும்போது, உடனே தலையசைக்காமல் சற்று அமர்ந்து பேசுவோம். பெற்றோர்களே, நீங்களும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.